பேச்சு நின்ற நேரங்கள்

புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் ஜீப் ஓட்டுகிறவன் நான். இருபத்தாறு வருஷமாக அதே ரோடு, அதே வளைவுகள். வண்டியைக் கிளப்பினால் எனக்கு வாயும் சேர்ந்து கிளம்பிவிடும். ஹாரன் அடிக்காமல் வளைவில் வருகிற பைக்காரனைத் திட்டுவேன். மழைக்கு முன்னால் போட்டு மழையோடு போய்விட்ட தாரைத் திட்டுவேன். இறங்குகிற இடத்தை முன்னாலேயே சொல்லாமல், தாண்டின பிறகு கூரையைத் தட்டுகிற ஆளைக் கண்டால் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறும். மாமன், மச்சான் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். ஏறுகிறவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ரேடியோ ஓடுகிறது என்று இருந்துவிடுவார்கள்.

போன வருஷம் பலாப்பழக் காலம். காலை நேரத்தில் பதினோரு பேரும் பத்துப் பழமுமாக இறங்கிக்கொண்டிருந்தேன். மேலிருந்து மூன்றாவது வளைவில் ஸ்டேரிங்கை ஒடிக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குப்புறப் புரண்டது. ஒரு துடிப்பு விட்டுப்போனது. அடுத்தது உள்ளேயிருந்து ஓங்கி ஒரு குத்து. அதன் பிறகு மடமடவென்று ஒரே ஓட்டம். கார்புரேட்டரில் தூசி அடைத்த வண்டி மிஸ்ஸிங் அடிக்குமே, அப்படி. கை இரண்டும் வியர்த்துவிட்டது. அடிவாரம் வருவதற்குள் ஒன்றும் நடக்காத மாதிரி அடங்கிவிட்டது. வாயு என்று நினைத்து டவுனில் ஒரு கோலி சோடா குடித்தேன்.

வாயு இல்லை. பத்து நாளைக்கு ஒருமுறை வரும், சில நாள் ஒரே நாளில் இரண்டு முறை வரும், பிறகு ஒரு மாசம் ஆளையே காணோம். வலி கிடையாது. வலித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். வந்தால் இரண்டு நிமிஷம், மிஞ்சிப்போனால் ஐந்து நிமிஷம். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் பாறை, பின்னால் பதினோரு பேர்.

சாவுக்குப் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். பயந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்தப் பதினோரு பேர். நான் ஸ்டேரிங்கில் சாய்ந்துவிட்டால் வண்டியை யார் நிறுத்துவது? சரி, வெளியே சொல்லிவிடலாம் என்றால், நெஞ்சு சரியில்லாத டிரைவர் வண்டியில் யார் ஏறுவார்கள்? நானே ஏற மாட்டேன். எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸும் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். பிரசவத்துக்குப் பெண்களை இறக்கியதும் என் ஜீப்தான், குழந்தையோடு திரும்ப ஏற்றிக்கொண்டு வந்ததும் என் ஜீப்தான். அது நின்றால் நான் எதற்கு ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஏழு மாசம் ஆளை ஏற்றிக்கொண்டே, விஷயத்தை மறைத்துக்கொண்டே ஓட்டினேன். அது தப்பு. அதற்குச் சமாதானம் சொல்லவில்லை.

மறைத்துக்கொண்டே இரண்டு தடவை டவுனில் இசிஜி எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். எப்படி இருக்கும்? மலையில் வருகிற சனியன் டவுனுக்கு வருவதற்குள் இறங்கிப் போய்விடுகிறது. மூன்றாவது தடவை வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். என் மகள் வயதுதான் இருக்கும். கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. மயக்கம் போட்டு விழுந்திருக்கிறீர்களா, கண் இருட்டியதா, மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலி உண்டா, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருக்கிறார்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். என்ன வேலை என்று கடைசியில் கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ரத்தம் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் படபடப்பு வரும்போதே அதைப் படம் பிடித்தால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்றார். அதற்கு ஒரு பெட்டி இருக்கிறதாம், ஒரு பகலும் ஒரு இரவும் உடம்பிலேயே மாட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். அதில் முடிவு தெரியும்வரை வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது, மூட்டை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், தலை லேசாகச் சுற்றினாலும் ஓரம் கட்டிவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். பெட்டி மாட்ட வரும்போது வீட்டு ஆளையும் கூட்டி வரச் சொன்னார்.

என் மனைவியிடம், சும்மா ஒரு டெஸ்ட் எடுக்கிறார்கள், நீயும் வா என்றேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் பத்துக் கேள்வி கேட்கிறவள் அன்றைக்கு நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

மாரில் ஐந்து இடத்தில் ஒட்டு ஒட்டினார்கள். அதிலிருந்து ஒயர்கள். ஒயர் முடிகிற இடத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. குளிக்கக் கூடாது, மற்றபடி தினமும் செய்கிற எல்லா வேலையையும் செய்ய வேண்டும், படபடப்பு வந்தால் மணியைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு மலை ஏறினோம்.

எங்கள் ஊரில் இறங்கும்போதே எதிர்வீட்டு அண்ணி என் சட்டைக் கழுத்தில் எட்டிப் பார்த்த ஒயரைப் பார்த்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், கட்டின ஆள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அவரிடம் யாரும் சண்டைக்குப் போகக் கூடாது. காப்பு அவிழ்க்கும்வரை ஊரே அவரைத் தாங்கும். அண்ணி என் மாரையும் ஒயரையும் பார்த்துவிட்டு எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார்.

"மேலுல கட்டினு வந்துக்கிறாரு. அவுக்கற வரிக்கும் அது காப்புதான்."

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. மறுநாள் காலையில் புளி மூட்டைகளை ஏற்றலாம் என்று போனால் மூட்டைகளே இல்லை. நான் தூக்கிவிடப் போகிறேனே என்று, அவற்றின் சொந்தக்காரர்கள் விடிவதற்கு முன்னாலேயே தலையில் வைத்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜீப் சாவி அண்ணியின் முந்தானையில் முடிச்சாகிவிட்டது. எனக்குச் சாமைச் சோறும் நாட்டுக்கோழியும் வந்தது. டீ கேட்டால் பால் வந்தது. புகையிலையை உதட்டில் அடக்கினால் நாலு பேர் முறைத்தார்கள், துப்பிவிட்டேன். வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து நிலத்துக்காரர் வந்து உட்கார்ந்து, நான் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார். வரப்பை நீதான் என் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறாய் என்று நான் சொன்னதற்குக்கூட ஆமாம் என்றார். மத்தியானம் பாயைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். எத்தனை வருஷம் கழித்து நான் பகலில் தூங்கினேன் என்று தெரியவில்லை.

மனைவி மட்டும் சொல்லிப் பார்த்தாள், டாக்டர் வேலை செய்யத்தான் சொல்லியிருக்கிறார் என்று. யார் காதில் விழுந்தது? எனக்கும், உண்மையைச் சொன்னால், அது பிடித்திருந்தது. இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி நான் திட்டிய ஜனம் எனக்காகத் தலையில் மூட்டை சுமக்கிறது. பாயில் படுத்துக்கொண்டு, யார் யாரை என்னென்ன திட்டியிருக்கிறேன் என்று கூரையைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டாக்டரம்மா அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். அப்படி ஒரு அமைதியான இதயத்தை அந்த வாரத்தில் பார்க்கவில்லை என்றார். அன்றைக்கு என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார். காப்பிலிருந்து கோழிவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது.

"ஐயா, பெட்டிய நான் உங்களுக்குக் கட்டல. உங்க வேலைக்குக் கட்டினேன்."

இன்னொரு முறை கட்ட வேண்டும் என்றார். இந்தத் தடவை எத்தனை டீ உண்டோ அத்தனை டீ, எத்தனை நடை உண்டோ அத்தனை நடை. ஆள் மட்டும் ஏற்றக் கூடாது. கை ஸ்டேரிங்கில் இருக்கும்போது நான் எப்படி மணி பார்த்து எழுதுவேன் என்று கேட்டேன். நான் எழுதுகிறேன் என்றாள் என் மனைவி. ஆள் ஏற்றக் கூடாது என்றேனே என்று டாக்டரம்மா அவளைப் பார்த்தார். நான் ஆள் இல்லை, இவருடைய பெண்டாட்டி என்று சொல்லிவிட்டு நோட்டு வாங்கப் போய்விட்டாள்.

பெட்டியை மறுபடியும் மாட்டிக்கொண்டு வந்த அன்று, அவளே வீடு வீடாகப் போனாள். ஆள் ஏற்றாமல் மூன்று வாரம் ஆகியிருந்தது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு பெண்கள் மெயின் ரோடுவரை நடப்பதை என் வாசலிலிருந்தே பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கும் அது பொறுக்கவில்லை.

"இது காப்பு இல்ல, எலிப்பொறி. எலி வர்ற வழியில வெச்சாதான் வுழும். அவரை அவரு பாட்டுக்கு வுடுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

எங்கள் ஜனத்துக்கு ஒன்றைச் சொல்லிப் புரியவைத்துவிட்டால் போதும், அதிலும் குறை வைக்க மாட்டார்கள். விடிந்ததும் விடியாததுமாக வரப்புக்காரர் வந்து நின்று, அன்றைக்கு ஆமாம் என்றதெல்லாம் செல்லாது என்று என்னை நாலு வார்த்தை கேட்டார். நானும் எட்டாகத் திருப்பிக் கொடுத்தேன். பெட்டிக்காகத்தான் வந்தேன் என்று போகும்போது என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். வெறும் வயிற்றில் இரண்டு டீ. எட்டு மூட்டை புளி. முன்சீட்டில் அவள், மடியில் நோட்டு, கையில் செல்போன்.

அன்றைக்குப் போகவும் வரவும் இரண்டு நடை. பொறியில் எலி நன்றாகவே விழுந்தது. டவுன் சந்தைக்குப் பக்கத்தில் மூட்டை இறக்கும்போது ஒன்று வந்தது, எழுதிக்கொள் என்றேன். சாயங்காலம் அடிவாரத்தில் டீக்கடை வாசலில் ஒன்று, அதையும் சொன்னேன். வளைவுகளில் வந்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள், பள்ளத்தைப் பார்ப்பாள். பெட்டிதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறதே, அது போதாதா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஏழு மாசம் மறைத்த பழக்கம் ஒரே நாளில் போகுமா?

இரண்டு நாள் கழித்துப் போனோம். ஜீப்பை விற்கச் சொன்னால் விற்றுவிடுவது என்று வழியிலேயே முடிவு பண்ணிவிட்டேன். அவளிடம் அதையும் சொல்லவில்லை.

டாக்டரம்மா ஒரு பக்கம் கம்ப்யூட்டரையும் இன்னொரு பக்கம் என் மனைவியின் நோட்டையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ஐந்து இடத்தில் பதிவாகியிருக்கிறது என்றார். நோட்டிலும் ஐந்து இருக்கிறது, நேரமும் ஒத்துப்போகிறது என்றார்.

இரண்டுதானே சொன்னேன் என்றேன்.

அவர் நோட்டை எடுத்து வாசித்தார். "பத்து நாற்பது. மூணாவது வளைவு. பேச்சு நின்னுது." அடுத்தது: "பத்து ஐம்பத்திரெண்டு. பாறை வளைவு. லாரிக்காரனைத் திட்டினு இருந்தார். பாதியில் பேச்சு நின்னுது." அதற்கும் அடுத்தது: "மூணு மணி ஐந்து நிமிஷம். பேச்சு நின்னுது. கை ரெண்டும் ஸ்டேரிங்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வந்தால் இவர் திட்டுகிறதை நிறுத்திவிடுவார், கியர் கம்பியில் இருக்கிற கையை எடுத்து ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், அடங்கின பிறகு விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பிப்பார் என்று மெதுவாகச் சொன்னாள். எத்தனை நாளாக இதைக் கவனிக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"மொத நாளு நானும் வண்டியிலதாங்க இருந்தேன். பலாப்பழம் எடுத்துனு வந்தேன்."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. படத்தைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக வருகிற துடிப்புகளுக்கு நடுவே ஒன்று முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு இதயம் ஒரு கணம் பொறுத்து அடுத்ததைப் பலமாக அடிக்கிறது, விட்டுப்போனதும் ஓங்கிக் குத்தியதும் அதுதான் என்றார். அப்புறம் மடமடவென்று ஓடுகிறதே என்றேன். அதில் பாதி இதயத்தின் வேலை, பாதி உங்கள் பயத்தின் வேலை என்றார். நல்ல உடம்பு உள்ள எத்தனையோ பேருக்கு இது வந்து போகும், உங்கள் இதயத்தின் கட்டுமானத்தில் பழுதில்லை, படம் பிடித்த ஐந்திலும் ஆபத்தானது எதுவும் இல்லை என்றார். அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று திருப்பிக் கேட்டார். பன்னிரண்டு, பதினாலு. தண்ணீர்? ஒன்றுக்குப் போக நடுவில் எங்கே நிறுத்துவது என்று வண்டி ஓட்டும்போது நான் தண்ணீர் குடிப்பதே கிடையாது. காலைச் சோறு பதினொரு மணிக்கு. உதட்டில் புகையிலை. தூக்கம் ஐந்து மணி நேரம். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போதைக்கு மாத்திரைகூட வேண்டாம் என்றார். டீயை மூன்றோடு நிறுத்த வேண்டும், புகையிலையை விட்டேயாக வேண்டும், சாப்பிடாமல் சாவியைத் தொடக் கூடாது, வண்டியில் தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும். வந்தால் மறைக்காமல், ஓரம் கட்டி, மூச்சை நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டு அடங்கும்வரை உட்கார வேண்டும். மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வந்தது அடங்காமல் நீடித்தாலோ, அந்த நிமிஷமே ஸ்டேரிங்கை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், நீங்களே ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. ஒரு மாசம் கழித்து மறுபடியும் காட்ட வேண்டும்.

"ஆளு ஏத்தலாமாங்க?" என்று கேட்டது நான் இல்லை, அவள்.

ஏற்றலாம் என்றார் டாக்டரம்மா.

எழுந்து கும்பிட்டேன். அவள் நோட்டை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

டவுனைத் தாண்டி அடிவாரம்வரை நான் ஒன்றும் பேசவில்லை. அவள் இரண்டு தடவை என் கையைப் பார்த்தாள். மாசத்துக்கு ஒரு தடவை சந்தைக்கு வருகிறவள், அந்தப் பலாப்பழக் காலத்துக்குப் பிறகு வாரத்துக்கு நாலு நாள் முன்சீட்டில் ஏறிக்கொண்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீரை விற்கிறேன் என்பாள், பல் வலி என்பாள், ரேஷன் கார்டு வேலை என்பாள். ஆள் ஏறுகிற இடத்தை அடைத்துக்கொண்டு வருகிறாயே என்று நான் திட்டிக்கொண்டே ஏற்றியிருக்கிறேன். முதல் வளைவுக்கு முன்னால் கேட்டேன்.

"தெரிஞ்சினே இன்னாத்துக்குடி என் பக்கத்துல குந்தினு வந்த? பயமா இல்லியா?"

"பயந்தான் மாமா."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா எரிஞ்சு வுழுவ. நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல." முந்தானைக்குள் இருந்த நோட்டைச் சரியாகச் செருகிக்கொண்டாள். "பின்னாடி அத்தினி சனம் குந்தினு வருது. அதான் பிரேக்கு எதுன்னு மட்டும் கேட்டு வெச்சுக்கினேன்."

யாரைக் கேட்டாய் என்றேன். டவுனில் வண்டி பார்க்கிற மெக்கானிக்கைக் கேட்டாளாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம்.

"நீ டீ குடிக்கப் போனப்ப காலைப் போட்டும் பாத்தேன். கியர் கம்பிக்கு மேல தூக்கிப் போட்டா எட்டுது."

அவள் ஐந்தடிகூட இருக்க மாட்டாள். ஸ்டாண்டில் ஆளில்லாத வண்டியில் தனியாக உட்கார்ந்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, புடவையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டுப் பழகியிருக்கிறாள். நான் எதிர்க்கடையில் நின்று ஏழாவது டீயையோ எட்டாவது டீயையோ குடித்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்திருப்பேன். ஏழு மாசம் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கால் என் பக்கத்தில் தயாராக இருந்திருக்கிறது.

எனக்கு ரோடு தெரியவில்லை. ஓரம் கட்டப் போனேன். வண்டி நிற்பதற்கு முன்பே அவளுடைய செருப்புக் கால் கியர் கம்பியைத் தாண்டி வந்துவிட்டது.

"வந்துச்சா மாமா?"

"இல்லடி" என்றேன். அவள் காலை எடுக்கவில்லை. நான் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை பிரேக்கை அவள்தான் மிதித்துக்கொண்டிருந்தாள்.